பஸ் ஜன்னலில் டோக்கியோ

என் எதிர் ஃப்ளாட்காரர் போன வருஷம் ஏப்ரல் கடைசியில் டோக்கியோ போய்விட்டு வந்தார். ரிட்டயர்டு பாங்க் மேனேஜர். அமெரிக்காவில் இருக்கும் பெண் பணம் கட்ட, மனைவியோடு ஒரு பாக்கேஜ் டூர். திரும்பி வந்ததும், "எப்படி ஸார் இருந்தது?" என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்ணும் இல்லை. உயர உயரமா பில்டிங். ஒரு கோயில், ஒரு டவர். மலை பார்க்கப் போனோம், மேகம் மறைச்சிடுச்சு. பஸ் மட்டும் ஏ ஒன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. அவர் கையில் இருந்த வழவழ காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அட்டை முழுக்கச் செர்ரிப் பூ. டோக்கியோவில் செர்ரி மலர்வது மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம். இவர் போன தேதியில் மரத்தில் பச்சை இலைதான் இருந்திருக்கும். இது போதாதென்று, ஏப்ரல் 29-ல் தொடங்கி மே 5 வரை ஜப்பானில் வரிசையாக அரசு விடுமுறைகள். 'கோல்டன் வீக்' என்பார்கள். நாடே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும். ஓட்டல் வாடகை எகிறும். நம் ஊர்ப் பள்ளிக்கூட லீவும் அப்போதுதான் என்பதால் அந்த வாரத்தைக் குறிவைத்தே கூட்டம் சேர்க்கிறார்கள். நீங்கள் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, தேதி.

உள்ளே புரட்டினேன். முதல் நாள்: ஷிபுயா கிராஸிங், 'ஃபோட்டோ ஸ்டாப்' 20 நிமிடம். பிறகு பஸ். அசாகுசா கோயில், 45 நிமிடம். பிறகு பஸ். 'சுவையான இந்திய டின்னர்'. இரண்டாம் நாள் முழுக்க ஃபுஜி மலை. டோக்கியோ முடிந்தது! மூன்றே முக்கால் கோடிப் பேர் வாழும் ஒரு மாநகரப் பரப்பு, ஒரு மணி ஐந்து நிமிடத்தில் முடிந்தே போயிற்று.

இந்த ஷிபுயா, அசாகுசா இரண்டும் எங்கே இருக்கின்றன தெரியுமா? ஒரே சுரங்க ரயில் பாதையின் இரண்டு முனைகளில். கின்ஸா லைன், ஆரஞ்சு கலர். ஷிபுயா ஸ்டேஷன் ஜி-01, அசாகுசா ஜி-19. எண்ணத் தெரிந்தவர்கள் யாரும் தொலைந்து போக முடியாது. 300 யென்னுக்குள் டிக்கெட், முக்கால் மணிக்குள் பயணம். இந்தப் பாதையில் உயேனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையே 1927-ல் ஓடியதுதான் ஆசியாவின் முதல் சுரங்க ரயில். அதில் ஏறுவதே ஒரு சுற்றுலா. அதை விட்டுவிட்டு, ட்ராஃபிக்கில் ஏ.சி. பஸ்ஸில் ஊறப்போட்டு, மைக்கில் அந்தாக்ஷரி நடத்தி அழைத்துப் போகிறார்கள்.

இவர்கள் விற்பது பயணத்தை அல்ல, பயத்தை. 'அங்கே இங்கிலீஷ் பேச மாட்டான், ரயில் குழப்பம், எல்லாம் யானை விலை, சைவம் கிடைக்காது.' இதில் கடைசி ஒன்றில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

விலையை முதலில் பார்த்துவிடுவோம். யென் இளைத்துக் கிடக்கிறது. ஒரு ரூபாய்க்கு ஒன்றரை யென்னுக்கு மேலேயே கிடைக்கிறது. மெட்ரோவில் ஆரம்பக் கட்டணம் 180 யென், நம் பணத்தில் நூறு ரூபாய்ச் சொச்சம். ஆயிரம் யென்னுக்குள் ஒரு கிண்ணம் நூடுல்ஸ். டிப்ஸ் கிடையாது. மேஜையில் சில்லறையை விட்டுவந்தால், மறந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார்கள். காசு கரைவது டாக்ஸியில்தான். நரிடா விமான நிலையம் ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். அங்கே டாக்ஸி பிடிப்பது, சென்னையில் இறங்கி ஆட்டோவில் திண்டிவனம் போவதற்குச் சமம். ரயில் இருக்கிறது.

இன்னொரு பழைய உபதேசம்: 'ஜே.ஆர். பாஸ் வாங்கிடுங்கோ!' வாங்காதீர்கள். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் போய்வரத் தனி டிக்கெட்டே 28,000 யென் சுமார்தான். மிச்சப் பணத்தில் நன்றாகச் சாப்பிடலாம். ஊருக்குள் சுற்ற ஸூய்கா என்றொரு கார்டு. பணம் ஏற்றிக் கதவில் தொட்டால் திறக்கும். தீர்ந்தது ரயில் குழப்பம்.

முழுக்கத் தீர்ந்தது என்றால் பொய். ஷின்ஜுகு ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது. தினம் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் புழங்குகிற, உலகிலேயே நெரிசலான ஸ்டேஷன். வெளியேறும் வழிகள் மட்டும் இருநூறுக்கு மேல். நான் அதில் நாற்பது நிமிடம் சுற்றி, கிளம்பிய அதே டோனட் கடைக்கு வந்து சேர்ந்தேன். எக்ஸிட் பெயரைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளாமல் அங்கே இறங்காதீர்கள். காலை எட்டு மணி நெரிசலில் பெட்டியோடு ஏறவே ஏறாதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. இங்கே ஏமாற்ற மாட்டேன், கஷ்டம்தான். ஜப்பானியச் சமையலின் ஆதாரம் 'தாஷி' என்கிற சாறு. பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் போடுவது. அதனால் 'நோ மீட்' என்று நீங்கள் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் வருவது மீன் ரசம்தான். அவர் பொய் சொல்லவில்லை, மீட் இல்லை! 'தாஷியில் மீன் உண்டா?' என்று ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். புத்த பிட்சுக்களின் 'ஷோஜின் ரியோரி' சமையலில் மீன், மாமிசம் கிடையாது. டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே 'டீஸ் டான்டான்' என்று முழுக்கத் தாவர ராமென் போடும் கடை இருக்கிறது. அதுவும் ஒத்துவராதா? நிஷி-கஸாய் போங்கள். டோஸாய் லைன், டி-16. 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்குப் போன நம்மாட்கள் குடியேறி, குட்டி இந்தியாவாகவே ஆகிவிட்ட பேட்டை. தோசை உண்டு. பாக்கேஜ்காரர் இரண்டு ராத்திரியும் என் எதிர் ஃப்ளாட்காரருக்குப் போட்டது என்ன தெரியுமா? பன்னீர் பட்டர் மசாலா. பூர்வீகம் திருநெல்வேலிக்காரருக்கு!

ஆனால் என் நிஜமான ஆத்திரம் பணத்திலும் பன்னீரிலும் இல்லை. அசாகுசாவில் 'பழம்பெரும் கோயில், 7-ம் நூற்றாண்டு' என்று மைக்கில் சொல்லிவிட்டு, செருப்புக் கடைப் பக்கம் அவிழ்த்துவிடுகிறார்கள். கோயில் பழசுதான். ஆனால் நீங்கள் பார்க்கிற பிரதான மண்டபம் 1958-ல் கட்டியது. பழையது 1945 மார்ச் 10 ராத்திரி எரிந்து போயிற்று. அன்று அமெரிக்க விமானங்கள் பொழிந்த நெருப்பில், அந்த ஆற்றங்கரைப் பகுதியில் செத்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். ஒரே ராத்திரியில்! ஹிரோஷிமாவைத் தெரிந்த நமக்கு இது தெரியாது. ரியோகோகு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் யோகோஅமிச்சோ பூங்கா. அங்குள்ள மண்டபத்தில் 1923 பூகம்பத்திலும் 1945 குண்டுவீச்சிலும் இறந்தவர்களின் அஸ்தி இருக்கிறது. டிக்கெட் இல்லை, கூட்டம் இல்லை. பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது அந்தாக்ஷரியில் 'ம' வந்திருக்கும்.

சுகினாமி பகுதியில் ரெங்கோஜி என்றொரு சின்னக் கோயில். நேதாஜியின் அஸ்தி என்று நம்பப்படுவது அங்கேதான் இருக்கிறது. நேரு அங்கே போயிருக்கிறார், வாஜ்பாயி போயிருக்கிறார். ஷின்ஜுகுவில் நகமுராயா: பிரிட்டிஷ் போலீஸ் தேடிய ராஷ் பிஹாரி போஸுக்கு அடைக்கலம் தந்த ரொட்டிக் கடைக் குடும்பம். அதே வீட்டுப் பெண்ணை மணந்த அவர் சொல்லிக்கொடுத்த இந்தியக் கறி 1927 முதல் அங்கே மெனுவில் இருக்கிறது. 'இந்திய டின்னர்' என்றால் இதையல்லவா போட வேண்டும்! உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஷின்ஜுகு அரசாங்கக் கட்டடத்தில் 202 மீட்டரில் ஒரு தளம் இருக்கிறது, இலவசம். எந்த பாக்கேஜிலாவது பார்த்தீர்களா? இலவசத்தில் கமிஷன் ஏது!

'வயசானவங்களை ரயில்ல அலைக்கழிக்கலாமா?' என்று ஏஜென்ட்டுகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே நடை ஜாஸ்தி. முழங்கால் தகராறு செய்பவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பெரும்பாலான ஸ்டேஷன்களில் லிஃப்ட் உண்டு. வீல்சேர் வந்தால் ஊழியர் பலகையோடு வந்து ரயிலுக்குள் ஏற்றிவிட்டு, இறங்கும் ஸ்டேஷனுக்கும் சொல்லிவிடுவார். காலை ஆறரைக்கு எழுப்பி, லாபியில் தலையெண்ணி, பஸ்ஸில் அடைப்பதற்கு இது மோசமில்லை.

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ரயிலில் செல்ஃபோனில் பேசுவதில்லை. நம்மாட்கள் ஸ்பீக்கரில் போட்டு, 'கேக்குதா? கேக்குதா?' என்கிறார்கள். பெட்டிக்கே கேட்கிறது.

எதிர் ஃப்ளாட்காரர் இந்த நவம்பரில் மறுபடி போகிறார். பாக்கேஜ் இல்லை. நேற்று ராத்திரி கதவைத் தட்டி, மெட்ரோ வரைபடத்தை என் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். ஆரஞ்சு லைனில் ஜி-19-ஐ மனைவி முதலில் கண்டுபிடித்தார்.