அம்மாவின் அறையில் எத்தனை பாகை?

வீட்டைச் சூடாக்குவது என்று சொன்னால் திருகோணமலையில் எவரும் சிரிப்பார்கள். வெந்நீர் வேண்டுமென்றால் கன்னியாவில் ஏழு கிணறுகள் இருக்கின்றன. வீட்டுக்குள் எமக்கு வேண்டியது மின்விசிறிதான். ஆனால் உவர்மலையிலும் உட்துறைமுக வீதியிலும் மகளின் பேறுகாலத்துக்கென்று லண்டன் போன தாய்மார் எத்தனை பேர்! அங்கே வருடத்தில் பாதி நாள் வீட்டுச் சூடுதான் உயிர். அந்தச் சூடு இப்போது யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் இம்மாதம் எழுத நினைத்தேன் சகோதரிகளே.

என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி லண்டனுக்கு அருகே குடியிருக்கிறாள். தாயாரையும் அழைத்து வைத்திருக்கிறாள். ஒரு மாசி மாத நண்பகல் தலையிடி என்று வேலையிலிருந்து முன்னதாகவே வீடு திரும்பியவள் கண்ட காட்சி இது: அம்மா மேலங்கியும் காலுறையும் போட்டுக்கொண்டு, காஸ் அடுப்பை மூட்டி, நெருப்பின்மேல் கைகளை நீட்டியபடி நிற்கிறார்.

விசாரித்தபோதுதான் விடயம் தெரிந்தது. அவர்கள் வீட்டு ஹீற்றரை மருமகனின் கைத்தொலைபேசி இயக்குகிறது. கணவன், மனைவி இருவருடைய தொலைபேசிகளும் வீட்டை விட்டு அகன்றதும் 'வீட்டில் ஆளில்லை' என்று கருவி தானாகவே சூட்டைக் குறைத்துவிடும். அம்மாவின் தொலைபேசி அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. ஆகவே கருவியின் கணக்கில் அம்மா ஆளே இல்லை! தொலைபேசியில் பதிவாகியிருந்த வரைபடத்தைப் பார்த்தால், மூன்று வாரமாக முற்பகல் பதினொரு மணிக்கு 15 பாகை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலில், குளிர் நாடுகளில் வீட்டினுள்ளே 18 பாகையாவது இருக்க வேண்டும் என்றும், முதியோருக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது.

மருமகன் கெட்டவரல்ல. 2022 சித்திரையில் பிரித்தானியாவில் எரிவாயு, மின்சாரக் கட்டணங்களின் உச்ச வரம்பு ஒரேயடியாக 54 சதவீதம் உயர்ந்தது. அன்று தொடங்கிய சிக்கனம் அது. அம்மாவும் வாய் திறக்கவில்லை. "உது மருமகன்ட சாமான் பிள்ளை. நான் தொட்டுப் பழுதாப்போனால்?" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

பழைய கருவியைக் கழற்றிவிட்டுப் புதிது பூட்டுவதென்று முடிவாயிற்று. கடையிலோ வைஃபை, சிக்பீ, இசட்-வேவ், திரெட், மேட்டர் என்று ஆயிரம் பெயர் சொல்கிறார்கள். "ஊரில எல்லாருக்கும் வழி சொல்லுறாய், இதுக்கும் ஒண்டு சொல்லன்" என்றாள். நான் படித்தது சமூகவியல். இருந்தாலும் இரண்டு இரவு குந்தியிருந்து வாசித்தேன்.

விடயம் இதுதான். கொதிகலன் தண்ணீரைச் சூடாக்கி, அறைதோறும் உள்ள றேடியேற்றர்களுக்கு அனுப்புகிறது. சுவரிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஒவ்வொரு றேடியேற்றரின் வால்வும் வானொலி அலைகளில் ஒன்றோடொன்று பேசுகின்றன. அவை பேசும் மொழிக்குத்தான் இத்தனை பெயர். வைஃபை எல்லார் வீட்டிலும் உண்டு, ஆனால் பற்றரியை அதிகம் தின்னும். வால்வு இயங்குவதோ இரண்டு சிறு பற்றரியில். சிக்பீயும் திரெட்டும் கொஞ்ச மின்சாரத்தில் பேசுபவை. சுவர் மின்சாரத்தில் இயங்கும் அவற்றின் கருவிகள், பந்தியில் சோற்றுத் தட்டைக் கைமாற்றுவதுபோல, செய்தியை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்திவிடும். இசட்-வேவின் அலை சுவரை இன்னும் நன்றாகத் துளைக்கும். ஆனால் அது ஐரோப்பாவில் 868 மெகாஹேட்ஸ், அமெரிக்காவிலும் கனடாவிலும் 908. கனடாவிலிருந்து அண்ணன் அன்பளிப்பாக அனுப்பினால் லண்டனில் அது ஊமை. மேட்டர் என்பது 2022 ஐப்பசியில் வெளியான பொது மொழி. வைஃபையின் மேலும் திரெட்டின் மேலும் ஓடும். வெவ்வேறு கம்பனிகளின் கருவிகள் அதில் பேசிக்கொள்ளலாம், இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள் வேலை நடக்கும்.

இணையம் அறுவது மட்டுமல்ல, கம்பனியே கைவிடுவதும் உண்டு. 2022 சித்திரையில் அமெரிக்காவில் இன்ஸ்ரியோன் கம்பனி முன்னறிவித்தலின்றித் தன் கணினிகளை நிறுத்தியபோது, அவற்றை நம்பியிருந்த வீடுகளில் தொலைபேசிக் கட்டளைகள் செத்துப்போயின. கூகிளும் 2025 ஐப்பசி 25 முதல் பழைய நெஸ்ட் கருவிகளைத் தொலைபேசியிலிருந்து துண்டித்தது. ஆனால் அந்த நெஸ்ட் வட்டத்தைக் கையால் திருப்பினால் இன்றும் சூடு ஏறும்.

கையால் திருப்புவது. இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். தோழியின் வீட்டில் நடந்தது கவனக்குறைவு. அதே கருவி வேண்டுமென்றே பயன்பட்டால்? 2018இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை இதுபற்றி எழுதியது. ஒரு பெண் குளிரூட்டியைப் போட, அவள் தொடாமலே அது நின்றுபோயிற்றாம். இன்னொருத்தியின் வாசற் பூட்டின் இலக்கம் நாளுக்கு நாள் மாறிற்றாம். வீட்டை விட்டுப் போன துணைவனின் தொலைபேசியில் வீடு இன்னும் இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் துணையை இப்படித் தொடர்ந்து அடக்கி ஆளுவது 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கும் குற்றம். எமது நாட்டின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் பாரதூரமான மனரீதித் துன்புறுத்தலை ஏற்றுக்கொள்கிறது. ஹீற்றர் இல்லாத ஊர்தானே என்று நாம் தள்ளியிருக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து கணவன் பார்க்கும் கமெரா விறாந்தையில் தொங்குகின்ற வீடுகளுக்கு நான் வேலையாகப் போயிருக்கிறேன். அங்கே பெண்கள் என்னோடு பேச முற்றத்துக்கு வருவார்கள்.

ஆகவே தோழிக்கு நான் சொன்னதில் மொழியின் பெயர் கடைசியாகத்தான் வந்தது. அம்மாவின் அறை வால்வில் கையால் திருப்பும் வட்டமும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் இருக்க வேண்டும் என்றேன். இணையமின்றி இயங்க வேண்டும். தொலைபேசியைப் பார்த்து 'ஆளில்லை' என்று முடிவெடுக்கும் ஏற்பாட்டை அணைத்துவிட வேண்டும். கடவுச்சொல் கணவன், மனைவி இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் பொருந்துவது எதுவோ அதை வாங்கு, திரெட்டில் ஓடும் மேட்டர் என்றால் நல்லது, சிக்பீ என்றாலும் குறையில்லை என்றேன். வரைபடத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அம்மா சொல்லாததைச் சொன்னது அதுதானே.

திரெட்தான் வாங்கினார்கள். போன கிழமை அம்மாவோடு கதைத்தேன். அறையில் 21 பாகையாம். அவரே திருப்பி வைத்ததாம். ஒரேயொரு குறை, இரவில் வால்வு தானாகத் திறந்து மூடும்போது "டிக் டிக்" என்கிறதாம்.

"பல்லி சொல்லுற மாதிரிக் கிடக்கு பிள்ளை. எந்தத் திசையில சொன்னா என்ன பலன் எண்டு அங்க பஞ்சாங்கத்தில ஒருக்காப் பாத்துச் சொல்லன்."