கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்!

வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கும் தாய்மார்களின் பிள்ளைகள் இன்று பட்டதாரிகளாகி வருகிறார்கள். கொச்சிக்கும் கோவைக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் முதல் வேலைக்குப் பெட்டி கட்டுகிறார்கள். 2010 இறுதியில் நின்றுபோன போடி ரயிலும் 2023 ஜூனில் அகலப் பாதையில் திரும்பி வந்துவிட்டது. மலையிறங்கினால் ரயில் ஏறலாம். மகிழ்ச்சிதான். ஆனால் வழியனுப்பும் நேரத்தில் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும்.

நம் முன்னோரில் பலர் மலைத் தோட்டங்களுக்கு எப்படி வந்தார்கள்? கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கைநாட்டு வைத்து வந்தார்கள். அந்தக் கடன் தீரும்வரை தோட்டத்தைவிட்டு நகர முடியவில்லை. எதில் கைநாட்டு வைத்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. பேரப்பிள்ளை பட்டம் பெற்றிருக்கிறான். அவனும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் அந்தப் படிப்பினால் என்ன பயன்?

அன்றைய முன்பணத்தின் இடத்தில் இன்று 'பாண்டு' வந்திருக்கிறது. இரண்டு வருடம், மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். இடையில் விலகினால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்லுவார்கள். நம்பாதீர்கள்! விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எல்லாப் பாண்டும் செல்லும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் கையெழுத்து விளையாட்டல்ல என்று பொருள். எத்தனை வருடம், எவ்வளவு தொகை, என்ன பயிற்சிக்காக என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பேனாவை எடுங்கள்.

நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். மத்தியத் தொழிற்சங்கங்கள் பலவும் எதிர்த்துவரும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்தன. அவற்றில்கூட நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. குறித்த காலத்துக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடம் முடிந்தாலே பணிக்கொடை உண்டு என்ற விதியும் இருக்கிறது. எதிர்க்க வேண்டியதை எதிர்ப்போம். கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்குவோம்.

அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்த்துத் திருப்பித் தரட்டும், நகல் வைத்துக்கொள்ளட்டும். சான்றிதழ் அவர்கள் பெட்டியில் இருந்தால் நீங்களும் அந்தப் பெட்டிக்குள் இருப்பதாகவே அர்த்தம்.

சேமநல நிதிக்குச் சம்பளத்தில் பொதுவாக 12 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளியும் தன் பங்கைக் கட்ட வேண்டும். பிடித்த பணம் உங்கள் கணக்கில் ஏறுகிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். வேலை மாறும்போது பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். 10 வருட சேவை இருந்தால்தான் ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு.

இன்னொன்று, ரயில்வே ஆபீசில் காகிதம் புரட்டும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. நம்மவர் பெயர் பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருக்கும். மலையாளத்தில் ஒருவிதம், தமிழில் ஒருவிதம், ஆங்கிலத்தில் மூன்றாவது விதம்! வேலையில் சேரும் நாளில் அற்பமாகத் தெரியும் இந்த ஓரெழுத்து வித்தியாசம், பணம் கேட்கும் நாளில் மலையாக வந்து நிற்கும். முதல் மாதத்திலேயே சரிசெய்துவிடுங்கள்.

"இத்தனை கேள்வி கேட்டால் வேலை போய்விடாதா?" என்று பெற்றோர் அஞ்சுவது நமக்குத் தெரியும். படிக்கவைக்க வாங்கிய கடன் அவர்களுக்கு. சண்டை போடச் சொல்லவில்லை. பணிவாகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், முடிந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலை பறிக்கும் நம் பெண்கள் 9 நாள் உட்கார்ந்து 20 சதவீத போனஸை வாங்கினார்கள். அவர்கள் கையில் பட்டம் இல்லை. ஒற்றுமை இருந்தது.

"சங்கமெல்லாம் கூலிக்காரர்களுக்கு, நாம் ஆபீசர்" என்ற எண்ணம் முதல் சம்பளத்தோடு சிலருக்கு வந்துவிடுகிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினாலும் மாதச் சம்பளத்துக்கு உழைப்பவன் தொழிலாளியே. வேலை செய்யும் இடத்தில் சங்கம் இருந்தால் சேருங்கள். அம்மா ஏலக்காட்டில் வேலை செய்கிறார் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். அந்தக் கூலிதான் உங்கள் கல்லூரிக் கட்டணம்.

பெற்றோர்களே! பிள்ளைக்கு வேலைக் கடிதம் வந்ததும் இனிப்பு வாங்குங்கள். ஆனால் கையெழுத்தாகும் முன் அந்தக் கடிதத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம். கைநாட்டுக் காலம் நம் பாட்டன்மாரோடு போகட்டும்!