மெட்டி இறுகுவதும் அறிகுறிதான்

நாற்பது வயதைத் தாண்டியவருக்குச் செருப்பின் அளவு ஏன் ஏற வேண்டும்? எடை கூடாமலேயே மோதிரமும் மெட்டியும் இறுகுகின்றன, தாடை முன்னே தள்ளுகிறது, பல்லுக்குப் பல் சந்து விழுகிறது, குரல் தடிக்கிறது என்றால் வயதாகிறது என்று விட்டுவிடாதீர்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி உண்டாகி, வளர்ச்சி ஹார்மோன் அளவுமீறிச் சுரந்துகொண்டிருக்கலாம். சிறுவயதில் இது வந்தால் ஆள் நெடுநெடுவென உயர்ந்துவிடுவார்; ஊரே கவனிக்கும். எலும்பின் வளர்முனைகள் மூடிய பிறகு வந்தால் உயரம் கூடாது, எலும்பு தடிக்கும். அது மெல்ல நடப்பதால் வீட்டாருக்கே தெரிவதில்லை. பிரெஞ்சு மருத்துவர் பியர் மரீ 1886இல் இதை விவரித்து, அக்ரோமெகாலி என்று பெயரிட்டார்.

140 ஆண்டுகளாக அறியப்பட்ட நோய். ஆனாலும் முதல் அறிகுறி தோன்றிப் பல ஆண்டுகள், பலருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழித்தே கண்டுபிடிக்கப்படுகிறது. இதை ஏற்கவே முடியாது. நோயாளி மருத்துவரிடம் போகாமல் இருப்பதில்லை. சர்க்கரைக்கு ஒருவர், ரத்த அழுத்தத்துக்கு ஒருவர், குறட்டைக்கும் கை மரத்துப்போவதற்கும் வேறு வேறு மருத்துவர், மாதவிலக்கு நின்றதற்கு இன்னொருவர் என்று அலைகிறார். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு மாத்திரை எழுதுகிறார். முகத்தையும் கையையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

அதற்குள் இதயத் தசை தடித்து வலுவிழக்கிறது, மூட்டு தேய்கிறது. கட்டி பார்வை நரம்பை அழுத்தினால் பக்கப் பார்வை போகிறது. தடித்த எலும்பு சிகிச்சைக்குப் பிறகும் சுருங்குவதில்லை. இந்த நோய் இருந்த மல்யுத்த வீரர் ஆந்த்ரே தி ஜயன்ட் 1993இல் இதயம் செயலிழந்து இறந்தபோது அவருக்கு வயது 46. நம் நாட்டின் மல்யுத்த வீரர் கிரேட் காளிக்கு 2012இல் பிட்யூட்டரிக் கட்டி அறுவை சிகிச்சை நடந்தது.

அரிய நோய்தானே என்பார்கள். லட்சத்துக்கு மூன்று பேர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 2011 கணக்கெடுப்பின் 7.2 கோடி மக்கள்தொகைக்குத் தமிழ்நாட்டில் இரண்டாயிரம் பேருக்கு மேல் இருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் வெறும் சர்க்கரை மாத்திரையோடு காலம் தள்ளுகிறார்கள்?

ஐஜிஎஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனை முதல் துப்பைத் தந்துவிடும். குளுக்கோஸ் குடித்த பிறகும் ஹார்மோன் தணியாவிட்டால் நோய் உறுதி. கட்டியை எம்ஆர்ஐ காட்டும். கட்டி சிறிதாக இருக்கும்போதே தேர்ந்த கைகள் மூக்கு வழியாக அகற்றினால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். முற்றிய பிறகு அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. விலை மிகுந்த ஊசியை மாதாமாதம், சிலர் ஆயுள் முழுக்கப் போட வேண்டிவரும்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க ஊழியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். “செருப்பு, மோதிர அளவு மாறியிருக்கிறதா?” என்ற கேள்வியை அவர்களின் படிவத்தில் இன்றே சேர்க்க வேண்டும். ஆம் என்பவர்களுக்கு மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஐஜிஎஃப்-1 பரிசோதனை இலவசமாக நடக்க வேண்டும். ஊசி தேவைப்படுவோருக்கு அதன் முழுச் செலவையும் அரசே ஏற்க வேண்டும்.