கத்திக்கு முன்னே வரும் ஓசை

ஸ்லாஷர் படங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே நம் இலக்கிய நண்பர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். முகமூடி அணிந்த ஒருவன், கையில் ஒரு கத்தி, ஒவ்வொருவராகச் சாகும் இளைஞர்கள், இடையிடையே காதைப் பிளக்கும் இரைச்சல்; இதில் விமரிசனத்துக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். பெர்க்மனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த வகைக்கு ஒரு பத்தியைக்கூட ஒதுக்குவதில்லை. மறுபுறம், இவ்வகையை விரும்பிப் பார்க்கும் ரசிகர்களோ எந்தப் படத்தில் எத்தனை கொலை, எந்தக் கொலை எவ்வளவு புதுமை என்று பட்டியலிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரு தரப்பினரும் செய்வது ஒரே பிழை என்பது எங்கள் கட்சி. இருவரும் இப்படங்களைக் கண்ணால் மட்டுமே பார்க்கிறார்கள்.

இவ்வகைப் படத்தின் அச்சம் காதில்தான் கட்டப்படுகிறது. இதற்கு நாங்கள் கோட்பாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு பரிசோதனையே நடந்திருக்கிறது. ஜான் கார்ப்பென்டர் 1978இல் வெளிவந்த தமது 'ஹாலோவீன்' படத்தை, இசையும் ஒலிச்சேர்ப்பும் முடிவதற்கு முன்பே, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் இளம் நிர்வாகி ஒருவருக்குத் திரையிட்டுக் காட்டினார். அதே கொலைகள், அதே கத்தி, அதே வெள்ளை முகமூடி. அவருக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. படத்தை இசையால் காப்பாற்றுவது என்று முடிவு செய்ததாகக் கார்ப்பென்டரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இசையமைப்பாளரும் அவரேதான். இசைப் பேராசிரியரான தந்தை சிறுவயதில் பாங்கோ வாத்தியத்தில் சொல்லிக்கொடுத்த ஐந்து எண்ணிக்கைத் தாளத்தைப் பியானோவில் ஏற்றினார். நம் தாளக் கணக்கில் கண்டம் என்போமே, அந்த ஐந்து. மேலை நாட்டு ஜனரஞ்சக இசையில் நாலுக்குப் பழகிய காது ஒவ்வொரு சுற்றிலும் ஓரடி தடுமாறுகிறது. அந்த மெட்டில் பயங்கரமான சுரம் என்று தனியாக எதுவும் கிடையாது. அது நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். நடந்து வரும் கொலைகாரனும் அப்படித்தான் வருகிறான், ஓடுவதில்லை, களைப்பதில்லை.

அந்தப் படத்தின் இறுதிக் கணங்களை நம் விமரிசகர்கள் ஒருமுறை கேட்க வேண்டும் என்று கோருகிறோம். மாடியிலிருந்து சுட்டு வீழ்த்தப்பட்டவன் புல்வெளியில் இல்லை. அடுத்து வருபவை வெற்று அறைகள், படிக்கட்டு, கூடம், தெருவோரத்து வீடுகள். கண்ணுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. ஆனால் முகமூடிக்குள்ளிருந்து வரும் அந்த மூச்சு ஒவ்வொரு காட்சியின் மேலும் கேட்கிறது. உடல் ஓரிடத்தில் மட்டுமே இருக்க முடியும். மூச்சு ஊர் முழுவதும் இருக்கிறது. இதை ஓவியத்தால் சொல்ல முடியாது. எழுத்தால்கூட இவ்வளவு சிக்கனமாகச் சொல்ல முடியுமா என்பது எங்கள் ஐயம்.

உடலற்ற குரலுக்குத் திரையில் உள்ள இந்த அதிகாரத்தைப் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஷியோன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குரலுக்குரியவனை நாம் பார்க்காதவரை அவன் எங்கும் இருப்பவனாக, எல்லாம் அறிந்தவனாகத் தோன்றுகிறான்; முகம் தெரிந்த கணத்தில் சாதாரண மனிதனாகச் சுருங்குகிறான். ஷியோனின் நூல் வெளிவந்தது 1982இல். ஆனால் கனடாவில் எடுக்கப்பட்ட பாப் கிளார்க்கின் 'பிளாக் கிறிஸ்மஸ்' 1974இலேயே இதை நடைமுறையில் செய்து காட்டிவிட்டது. மாணவியர் விடுதிக்கு வரும் தொலைபேசியில் ஒரே ஆள் பல குரல்களில் உளறுகிறான், அழுகிறான், மிரட்டுகிறான். அவன் முகத்தைப் படம் கடைசிவரை நமக்குக் காட்டுவதில்லை. படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போதும் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்படத்தின் இசையமைப்பாளர் கார்ல் ஸிட்ரர் முள்கரண்டிகளையும் சீப்புகளையும் கத்திகளையும் பியானோவின் தந்திகளில் கட்டி அந்த நாதத்தை உருவாக்கினார். இரைச்சல் என்று நீங்கள் ஒதுக்குவதற்குப் பின்னால் எத்தகைய செவி இருக்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இனி எங்கள் வாதத்தின் மையத்துக்கு வருகிறோம். நல்ல ஸ்லாஷர் படத்தில் ஒலி என்பது படத்துக்கும் பார்வையாளனுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். 1980இல் வெளிவந்த 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' படத்தைக் கலைச்சிகரம் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. கதை மிகச் சாதாரணமானது. ஆனால் அதன் இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினிக்கு ஒரு சிக்கல் இருந்தது. கொலையாளியைப் படத்தின் கடைசிப் பகுதிவரை காட்டக்கூடாது. ஆகவே கொலையாளியாக இசையே நடிக்க வேண்டும். மைக்கருகே முணுமுணுத்த 'கி', 'மா' என்னும் இரண்டே அசைகளை எதிரொலிக் கருவியில் செலுத்தி அந்தப் பிரசித்தி பெற்ற கிசுகிசுப்பை உண்டாக்கினார். கூடவே ஒரு விதியையும் வகுத்துக்கொண்டார்: கொலையாளி உண்மையாகவே அருகில் இருக்கும்போது மட்டுமே இசை ஒலிக்கும். முகாமில் விளையாட்டாக ஒருவன் விடும் அம்பு ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து தைக்கிறது. திடுக்கிட வைக்கும் காட்சி. ஆனால் அங்கே இசை இல்லை. பொய் சொல்லக்கூடாது என்று அவர் எடுத்த முடிவு அது.

இந்த நேர்மையின் பலன் என்ன? பார்வையாளனின் செவி மெல்ல மெல்லப் பயிற்சி பெறுகிறது. இசை கேட்டால் ஆபத்து என்று கற்றுக்கொள்கிறது. பிறகு அமைதியையும் சந்தேகிக்கத் தொடங்குகிறது. இறுதியில் ஏரியில் படகு மிதக்க, எல்லாம் முடிந்துவிட்டது என்று தாலாட்டுவதுபோல் ஓர் இதமான மெட்டு எழும்போது அந்தச் செவி முதன்முதலாக ஓய்வெடுக்கிறது. தண்ணீரைப் பிளந்துகொண்டு கை வருவது அப்போதுதான். படம் முழுவதும் வாக்குத் தவறாதவர் கடைசியில் ஒருமுறை தவறுகிறார். அதனால்தான் அது அத்தனை வலுவாகத் தாக்குகிறது.

இன்று வெளியாகும் பல படங்கள் இந்த ஒப்பந்தத்தைக் காற்றில் பறக்கவிட்டுவிட்டன என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு. அலமாரியைத் திறந்தால் பூனை பாய்கிறது, கூடவே ஓர் இடி. தோழி தோளைத் தொடுகிறாள், மறுபடியும் ஓர் இடி. பூனைக்கும் தோழிக்கும் கொலைகாரனுக்கும் ஒரே சத்தம் என்றால் அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள்? முதுகுக்குப் பின்னால் ஊதிய காகிதப் பையை உடைத்தாலும் உடல் குலுங்கத்தான் செய்யும். அது நரம்பின் அனிச்சைச் செயல். அதில் கலைஞனுக்குப் பெருமை ஏதுமில்லை. அச்சம் என்பது எதிர்பார்ப்பிலிருந்து பிறப்பது. எதிர்பார்ப்புக்கோ நம்பிக்கை வேண்டும்.

உடனே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். பொய்யான அதிர்ச்சி பழைய உத்திதானே, வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' 1942இலேயே அதைச் செய்ததே என்பார்கள். உண்மை. ஆனால் அங்கே நடப்பதைச் சற்றுக் கவனியுங்கள். இரவுத் தெருவில் ஒரு பெண் நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் காலணி ஓசை. இரண்டு நடைகளையும் நம் காது பிரித்து எண்ணிக்கொண்டிருக்கிறது. சட்டென்று பின்னால் வந்த ஓசை மட்டும் நின்றுவிடுகிறது. அச்சம் பிறப்பது அந்த நிறுத்தத்தில். சிறுத்தையின் சீறல்போல் குறுக்கே வந்து நிற்கும் பேருந்தின் ஓசை அதற்குப் பிறகுதான். இன்றைய பிரதியாளர்கள் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு காலடிகளைத் தெருவிலேயே விட்டுவிட்டார்கள்.

'சைக்கோ' படத்துக்கும் இதே கதிதான். 1960இல் பெர்னார்ட் ஹெர்மன் அதன் இசை முழுவதையும் தந்தி வாத்தியங்களால் மட்டுமே அமைத்தார். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று முதலில் எண்ணியிருந்த ஹிட்ச்காக், ஹெர்மன் எழுதியதைக் கேட்டபின் மனம் மாறினார். அந்த வயலின் கிறீச்சிடலை உலகமே நகலெடுத்தது. ஆனால் திரைச்சீலை விலகும்வரை நாம் கேட்பது தண்ணீர் விழும் ஓசை மட்டுமே என்பதையும், கொலை முடிந்த பிறகு அதே தண்ணீர் எதுவுமே நடவாததுபோல் விழுந்துகொண்டிருப்பதையும் நகலெடுத்தவர்கள் எத்தனை பேர்? அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் வயலின்கள் வெறும் இரைச்சல்தான்.

ஆகவே இரு தரப்புக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. இவ்வகையை வெறும் ரத்தம் என்று தள்ளுகிறவர்கள், டோபி ஹூப்பரின் 'டெக்சாஸ் செயின்சா மாஸக்கர்' படத்தில் உண்மையில் எவ்வளவு ரத்தம் காட்டப்படுகிறது என்று பார்க்கட்டும், வியப்படைவார்கள். 1974இன் அந்தப் படத்தில் ஹூப்பரும் வெய்ன் பெல்லும் அமைத்த உலோக உராய்வுகளும் வாள் எந்திரத்தின் உறுமலும்தான் காணாத ரத்தத்தைக் கண்டதாக நம்மை நம்பவைக்கின்றன. கொலைகளை எண்ணும் ரசிகர்களோ, தங்களை ஏமாற்றும் சத்தத்துக்குக் கைதட்டுவதை நிறுத்தட்டும். கேட்பவனின் நம்பிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு படம் என்ன செய்கிறது என்பது அறம் சார்ந்த கேள்வி. கவிதையிலும் நாவலிலும் அந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்கிற நாம், இருட்டில் அமர்ந்து கேட்கும் ஓசையிடம் மட்டும் ஏன் கேட்க மறுக்கிறோம்?