அரிப்புக்கு டியூப் வாங்குமுன்



தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாய்ப் பரவும் படர்தாமரையை, ஊர்ப்பக்கம் வண்டுகடி என்பார்களே, அதை நம்மில் பலர் ஒரு நோயாகவே மதிப்பதில்லை. மருந்துக் கடையில் “அரிப்புக்கு ஒரு டியூப்” என்று கேட்டு வாங்கித் தடவிக்கொள்கிறோம். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். நிறுத்தினால் முன்னைவிட அகலமாய்த் திரும்பும். தோல் மருத்துவர்களும் நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் வேலை செய்பவர்களுமான நாங்கள் அந்த டியூபைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

அந்த டியூப்களில் பல கலவை மருந்துகள். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஸ்டீராய்டு. அரிப்பைச் சட்டென்று அடக்குவது ஸ்டீராய்டுதான். படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையோடு போராடும் உடலின் எதிர்ப்பை அது முடக்கிவிடுவதால், மேலே சிவப்பு மறைகிறது, பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. வட்டத்தின் விளிம்பு கலைந்துவிட்டால், பார்த்ததும் இன்ன நோய் என்று சொல்ல எங்களாலேயே முடிவதில்லை. தோல் மெலிந்து தொடையில் விழும் வரித் தழும்புகளோ முழுமையாக மறைவதில்லை. 2018-இல் மத்திய அரசு வீரியமான ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கத் தடை விதித்தது. கடைகளில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது நிலைமை இன்னும் மோசம். டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரை முன்பெல்லாம் இரண்டு வாரத்தில் படர்தாமரையைக் குணமாக்கிவிடும். பூஞ்சை தன் செல் சவ்வைக் கட்டப் பயன்படுத்தும் ஒரு நொதியை அந்த மருந்து தடுக்கும். அந்த நொதியின் சில இடங்களில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினாலும் மருந்து பிடிப்பதில்லை. அப்படி மாறிய ஒரு பூஞ்சைக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த மாதிரிகள் இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்தவை. 2023-இல் அது நியூயார்க்கிலும் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. மாற்று மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும், செலவும் அதிகம்.

ஆகவே உங்களிடம் கேட்கிறோம்: டியூபின் உறையில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஸ்டீராய்டின் பெயர் ஏதாவது இருந்தால், மருத்துவர் சொல்லாமல் படர்தாமரைக்குத் தடவாதீர்கள். மருத்துவரிடம் வந்தால், தோலைச் சற்றே சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை தெரிந்துவிடும். பெரிய செலவில்லாத சோதனை. அரிப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோரையும் மருத்துவரிடம் காட்டுங்கள், துண்டையும் உள்ளாடையையும் தனியே துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மறைவிடத்துப் படை என்று கூசி, குறிப்பாகப் பெண்கள், மாதக்கணக்கில் சகித்துக்கொள்வதைப் பார்க்கிறோம். அது வேண்டாம். இதுவரை தடவியது எதுவானாலும் ஒளிக்காமல், அந்தப் பழைய டியூபையும் கையோடு எடுத்து வாருங்கள்.