பசி சொல்லாத பாதிக் கதை

காமராஜரின் ஆட்சியை அவருடைய இளமை வறுமையே தீர்மானித்தது என்ற வாதம் கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் அது அவருடைய உழைப்பையே மறைக்கிறது.

சிறு வயதில் தந்தையை இழந்தார், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார், மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தார். எல்லாம் உண்மைதான். எம்.ஜி.ஆரும் தந்தையை இழந்து, பசியோடு வளர்ந்து, நாடகக் கம்பெனிக்குப் போன பிள்ளை. பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும் என்ற அக்கறை இருவருக்கும் பொது. 1982இல் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஆட்சி நடத்திய விதமோ முற்றிலும் வேறு. எம்.ஜி.ஆரின் கட்சி அவர் முகத்தைச் சுற்றியே நின்றது. காமராஜர் 1954இல் தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே அமைச்சராக்கினார், 1963இல் கட்சி வேலைக்காக முதல்வர் பதவியை விட்டு விலகினார். ஒரே வறுமை இத்தனை வேறான இருவரை எப்படித் தந்தது?

விடை காமராஜர் பிறந்த விருதுநகர் வீட்டில் கிடைக்காது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியிடம் பெற்ற பயிற்சி, ஆண்டுக்கணக்கான சிறைவாசம், 1940 முதல் மாநிலக் காங்கிரஸ் தலைவராக ஊர் ஊராக அலைந்த அலைச்சல், இவற்றில் தேட வேண்டும். மனிதர்களை எடைபோட அங்கேதான் கற்றார்.

காமராஜரின் மதிய உணவுத் திட்டமும் அப்படித்தான். அதைப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்க்கக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு உழைத்தார், ஊர் மக்கள் அரிசியும் பணமும் கொடுத்தார்கள். ஒரு சிறுவனின் பசியைச் சொல்லி இவர்களை எல்லாம் கதையிலிருந்து நீக்குவது அநியாயம்.