வட்டியில்லாத பாக்கி

“இத்தனை வருசம் கழிச்சு எதுக்கு மெடல்?” என்று கேட்பவர்களுக்கு வெர்னன் பேக்கரைக் காட்டுவோம். கறுப்பர்களைத் தனியே ஒதுக்கிவைத்த அமெரிக்கப் படைப்பிரிவில் இருந்தவர். 1945 ஏப்ரலில் இத்தாலியில் ஜெர்மானியரின் எந்திரத் துப்பாக்கி அரண்களை அழித்தார். கிடைத்தது இரண்டாம்நிலை விருது. அந்தப் போருக்காக 400க்கும் மேற்பட்டவர்கள் உயர்விருதான ‘மெடல் ஆஃப் ஆனர்’ பெற்றார்கள். 1997 வரை அதில் ஒரு கறுப்பர்கூட இல்லை. வீரத்துக்கா பஞ்சம்? பரிந்துரைக்கிற பேனா யார் கையில் இருந்தது?

1993இல் ராணுவமே ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. 1997 சனவரி 13இல் ஏழு பேருக்கு உயர்விருது. கையில் வாங்க உயிரோடிருந்தவர் பேக்கர் மட்டுமே, 77 வயதில்.

இதைப் பெருந்தன்மை என்கிறார்கள். இது பாக்கி, தோழர்களே. அதுவும் வட்டியில்லாமல் வந்த பாக்கி. ‘தகுதி இருக்கா?’ன்னு நம்மைக் கேட்கிறவனை நாமும் கேட்போம்: அளக்கிற கோலை உன் கையில் கொடுத்தது யார்?